ரெஸ்டாரண்ட் கான்ட்ராக்ட் வேணும்னா பின்வாசல் பக்கம் போங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல உணவகங்களைப் பத்தி அடிக்கடி செய்தி வருது, வாடகை ஏறிப்போச்சு, சமையல் ஆளு கிடைக்கல, 2024ல மட்டும் சிங்கப்பூர்ல 3,000க்கு மேல சாப்பாட்டுக் கடைங்க மூடிட்டாங்கன்னு எல்லாம் படிக்கிறோம், ஆனா அந்தக் கடைங்க ராத்திரி ஷட்டர் இறக்கினதுக்கு அப்புறம் உள்ள போற எங்களைப் பத்தி யாரும் எழுதறதில்ல. நான் சின்னதா ஒரு கிளீனிங் கம்பெனி நடத்துறேன், கஸ்டமர்ல பாதிக்கு மேல ரெஸ்டாரண்டுங்கதான். இப்பெல்லாம் யாராவது ஒருத்தர் போன் போட்டு "அண்ணே, நானும் கிளீனிங் கம்பெனி ஆரம்பிச்சிட்டேன், ஆபீஸ் ரெண்டு கிடைச்சிருச்சு, ரெஸ்டாரண்ட் மட்டும் மாட்ட மாட்டேங்குது, எப்படிப் பிடிக்கிறது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் உங்களுக்கு எழுதறேன், நடுவுல கடை முதலாளிங்களுக்கும் ரெண்டு வார்த்தை இருக்கு, கோவிச்சுக்க வேணாம்.

எல்லாரும் முதல்ல பண்றது நோட்டீஸ். கலர்ல அடிச்சு சிராங்கூன் ரோட்டுல இந்த முனையில ஆரம்பிச்சு அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு கேஷ் கவுண்டர்லயும் வச்சிட்டு வர்றது, இல்லன்னா கூகுள்ல நம்பர் எடுத்து எல்லாருக்கும் ஒரே வாட்ஸ்அப், "30% தள்ளுபடி, இன்றே அழைக்கவும்". அந்த நோட்டீஸ் என்ன ஆகுதுன்னு நான் கண்ணால பாத்திருக்கேன், பில் போடற பொண்ணு அதைத் திருப்பிப் போட்டு பின்னாடி பார்சல் ஆர்டர் எழுதிக்கிட்டு இருந்துச்சு. இன்னும் சில பேரு மத்தியானம் பன்னண்டரைக்கு இலை போட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல உள்ள நுழைஞ்சு "முதலாளி இருக்காரா"ம்பாங்க, அவரு அப்ப உங்களை உக்கார வச்சு டீ குடுப்பாரா என்ன.

சரி, நோட்டீஸ்ல என்னதான் எழுதியிருக்கு? தரை துடைப்போம், மேசை துடைப்போம், டாய்லெட் கழுவுவோம். முதலாளி இதைப் பாத்ததும் நினைக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், இதுக்கு எதுக்கு வெளியாளு, நம்ம பசங்க இருக்காங்கல்ல. அவரு நினைக்கிறதுல தப்பே இல்லீங்க. மாப் போடறதுக்கு யாரும் புதுசா காசு குடுக்க மாட்டாங்க. அவரோட பசங்களால முடியாத வேலை எது, எது கெட்டுப்போனா அவருக்கு ராத்திரி தூக்கம் வராது, அதைக் கையில எடுத்துக்கிட்டுப் போனாதான் பேச்சே ஆரம்பிக்கும். நம்ம ஆளுங்க கடைன்னா அது பெரும்பாலும் மூணு எடத்துல இருக்கும், ஹூடுக்கு (அடுப்புக்கு மேல புகையை இழுக்கிற கூண்டு) மேல, சிங்குக்கு கீழ, அப்புறம் ஆபீஸ் டிராயர்ல.

ஹூடை எடுத்துக்குங்க. பரோட்டா போடற கடையில வெளிய பாத்தா ஸ்டீல் பளபளன்னு இருக்கும், தினம் துடைக்கிறாங்க, குறை சொல்ல முடியாது. ஃபில்டரைக் கழட்டி டார்ச் அடிச்சு, புகை வெளிய போற குழாய் இருக்கே, அந்த டக்டுக்குள்ள பாருங்க. கை எட்டுற வரைக்கும் பழுப்பா கோந்து மாதிரி ஒட்டும், அதுக்கு மேல போகப் போக கறுத்து இறுகி ஸ்க்ரேப்பர் வச்சுத் தட்டினாதான் பாளம் பாளமா விழும். கல்லுல ஊத்தற எண்ணெய் சூட்டுல புகையா கெளம்பி மேல போகுது, தகடு குளுந்து இருக்கிற எடத்துல போய் படிஞ்சிடுது, தந்தூர் அடுப்பு வேற இருந்துச்சுன்னா கரியும் சேந்துக்கும். கீழ தாளிக்கும்போது தீ ஒரு தடவை எகிறி ஃபில்டரைத் தாண்டிருச்சுன்னா அவ்வளவுதான், மேல இருக்கிறது அத்தனையும் எரியற சாமான், ஃபேன் வேற காத்தை இழுத்து இழுத்துக் குடுக்கும். அதனாலதான் தீயணைப்பைப் பாத்துக்கிற குடிமைத் தற்காப்புப் படை வருஷத்துக்கு ஒரு தடவையாவது டக்டை சுத்தம் பண்ணியே ஆகணும்னு வச்சிருக்காங்க. மால்ல இருக்கிற கடைன்னா கட்டட நிர்வாகம் இன்னும் அடிக்கடி கேக்கும், ரிப்போர்ட் குடுக்கலன்னா லெட்டர் வந்துரும்.

சிங்குக்கு கீழ இருக்கிற கிரீஸ் டிராப், அதாவது கழிவுத் தண்ணியில இருந்து எண்ணெயைப் பிடிச்சு வைக்கிற தொட்டி, அதோட கதை இன்னும் மோசம். எண்ணெய் மேல மிதக்கும், தண்ணி தடுப்புக்கு அடியில நுழைஞ்சு வெளிய போகும், அவ்வளவுதான் அதோட வேலை. நம்ம சமையல்ல நெய்யும் தேங்காயெண்ணெயும் சாஸ்தி, ரெண்டுமே குளுந்தா உறையும். சிங்க்ல தண்ணி மெதுவா எறங்குதுன்னு பாத்திரம் கழுவற பையன் ஒரு வாளி கொதிக்கிற தண்ணியை ஊத்திட்டு "பாஸ், கிளியர் ஆயிருச்சு"ம்பான். கிளியர் எல்லாம் ஆகல, உருகினது பைப்புல இன்னும் கொஞ்சம் தூரம் போயி அங்க உறைஞ்சு உக்காந்துக்கும், அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கடை நெறைய ஆளு இருக்கிறப்ப பின்சந்து மேன்ஹோல்ல பொங்கும், பக்கத்துக் கடைக்காரரு போன் போடுவாரு, தேசிய நீர் அமைப்புல இருந்து ஆளு வருவாங்க. டிராப்பை ஒழுங்கா பராமரிக்கிறது கடைக்காரர் பொறுப்பு, பையன் ஊத்துனான்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

மூணாவது அந்த டிராயர். சிங்கப்பூர் உணவு அமைப்பு அதிகாரி எப்ப வருவாருன்னு யாருக்கும் தெரியாது, 12 மாசத்துக்குள்ள தப்புக்குப் போடற பாயிண்ட் 12 சேந்துட்டா கடையை ரெண்டு வாரமோ நாலு வாரமோ மூடச் சொல்லலாம், லைசென்ஸே போகலாம். 2026 ஜனவரியில இருந்து வந்த புது முறையில கடையோட பழைய ரெக்கார்ட் எப்படி இருக்கு, உணவுப் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு வச்சிருக்காங்கன்னு பாத்து A, B, C குடுக்கிறாங்க, A வாங்கினா லைசென்ஸ் 10 வருஷம், B 5 வருஷம், C 3 வருஷம், புதுக் கடைக்கு ஒரு வருஷம்தான். இப்ப சொல்லுங்க, ஒரு முதலாளிக்கு வேண்டியது என்ன, வாசனையான தரையா, இல்ல அதிகாரி கேட்டவுடனே எடுத்து நீட்டுறதுக்கு ஒரு ஃபைலா? என்ன தேதி, எது எது கழட்டி சுத்தம் பண்ணோம், என்ன கெமிக்கல், முன்னாடி படம், பின்னாடி படம், அடுத்தது எப்ப, அடியில கையெழுத்து. ஃபைல் இருந்தா மட்டும் கிரேடு வந்துராதுதான், ஆனா இந்த ஒத்தைத் தாளுக்காகவே என்னை மாத்தாம வச்சிருக்கிற கடைங்க இருக்கு, வேலை சுத்தமா இருக்கணும்கிறது அடுத்த விஷயம், அது இல்லாம எப்படியும் நிலைக்க முடியாது.

யாரைப் பாக்கணும், எப்பப் பாக்கணும்? மூணு மணிக்கு மேல அஞ்சு மணிக்குள்ள. மத்தியானக் கூட்டம் முடிஞ்சிருக்கும், ராத்திரிக்கு இன்னும் வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியாவுல இருக்கிற தேக்கா பக்கமே தலை வைக்காதீங்க, தீபாவளிக்கு முந்தின வாரங்கள்ல எந்த முதலாளியும் முகம் குடுத்துப் பேச மாட்டாரு, அதனால தீபாவளிக்கு முன்னாடி பெரிய கிளீனிங் வேணுமான்னு கேக்கறதை ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டு வச்சிரணும். முன்வாசல்ல நுழைஞ்சு கவுண்டர்ல நிக்காம பின்சந்துப் பக்கமா போங்க, அங்கதான் மெயின் சமையல்காரரு ஒரு எண்ணெய் டின்னைக் கவுத்துப் போட்டு உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருப்பாரு. கார்டை உடனே நீட்டாதீங்க. "அண்ணே, அந்த ஃபேன் எப்ப இருந்து இப்படி சத்தம் போடுது"ன்னு மட்டும் கேளுங்க. எனக்கு ஒருத்தரு சொன்ன பதில், "அது போடற சத்தத்துக்கு ஒரு பொகையையாவது இழுக்கணும்ல, கண்ணெல்லாம் எரியுது, முதலாளிகிட்ட சொன்னா புது ஃபேனு விலை தெரியுமாங்கறாரு". மேல ஏறிப் பாத்தா ஃபேன்ல கோளாறே இல்ல, இறக்கை முழுக்க கிரீஸ் அப்பி பேலன்ஸ் போயிருந்துச்சு. அன்னைக்கு முதலாளிகிட்ட எனக்காகப் பேசினது அந்த சமையல்காரர்தான், நான் பேசவே இல்ல. ஹூடு இழுக்கலன்னா வேகறது அவங்கதான், முதலாளி ஏசி பக்கம் உக்காந்திருக்காரு.

பெரிய செயின் கடைன்னா இந்தக் கதை வேலைக்காகாது. அங்க கிளைக் கடை மேனேஜரு நல்லாத்தான் பேசுவாரு, முடிவு அவரு கையில இல்ல. உட்லண்ட்ஸ், செனோக்கோ பக்கம் எல்லாக் கிளைக்கும் சேத்து சமைக்கிற செண்ட்ரல் கிச்சன் இருக்கும், ஆபரேஷன்ஸ் மேனேஜரு அங்கதான் இருப்பாரு, அவரு கேக்கறது லைசென்ஸ் காப்பி, இன்சூரன்ஸ், பிஸ்சேஃப்ங்கிற வேலையிடப் பாதுகாப்பு சர்டிபிகேட், பழைய கஸ்டமர் ரெண்டு பேரு. இதெல்லாம் ஒரே பிடிஎஃப்ல ரெடியா இல்லன்னா அடுத்த மெயிலுக்குப் பதிலே வராது.

பேரு எங்க கிடைக்கும்னு கேக்குறாங்க. லைசென்ஸ் வாங்கின சாப்பாட்டுக் கடைங்களைப் பத்தின விவரம் உணவு அமைப்பு வெப்சைட்லயே கிடைக்குது, யாரு வேணா பாக்கலாம், முதல்ல அதை உக்காந்து பாருங்க, கிரேடு குறைவா இருக்கிற கடைக்குப் போகும்போது அதைச் சொல்லிக் காட்டாம போகணும், அது ஒரு நாகரிகம். முன்பக்கம் பலகை வச்சு அடைச்சு "விரைவில்"னு எழுதியிருக்கிற கடையைப் பாத்தா முதலாளியைத் தேடாதீங்க, உள்ள வேலை பாக்குற ரினோவேஷன் காண்ட்ராக்டரைப் பிடிங்க, ரினோவேஷன் முடிஞ்சதும் சிமெண்ட் தூசியும் சிலிகானும் எடுத்துக் குடுக்கிற வேலை அவருக்கு எப்பவும் தலைவலி. அதை ஒழுங்கா முடிச்சுக் குடுத்தா கடை திறக்கிற அன்னைக்கே முதலாளிக்கு உங்க முகம் தெரியும்.

ஆனா எனக்கு அதிகமா கடை காட்டிக் குடுத்தது பூச்சி மருந்து அடிக்கிறவருதான். கரப்பான் எங்க இருந்து வருதுன்னு அவருக்குத்தான் தெரியும், அடுப்புக்குப் பின்னாடி ரெண்டு வருஷ எண்ணெய் இருக்கிற வரைக்கும் அவரு மருந்து நிக்காது, முதலாளி அவரைத்தான் திட்டுவாரு, அதனால என்னைக் கூட்டிட்டுப் போறது அவருக்கும் லாபம். நானும் எலி, கரப்பான் பாத்தா அவருக்குத்தான் போன் போடுவேன். தீயணைப்பான் சர்வீஸ் பண்றவரு, கேஸ் போடறவரு, அடுப்பு ரிப்பேர் பண்றவருன்னு அடுப்படிக்குள்ள நுழையற எல்லாரையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. எல்லா வேலையையும் நானே பண்றேன்னு மட்டும் வாயைக் குடுத்துராதீங்க. பூச்சி மருந்துக்குத் தனி பதிவு வேணும், கிரீஸ் டிராப்ல இருந்து எடுக்கிற கழிவை லாரியில ஏத்திக் கொண்டு போறதுக்குத் தனி லைசென்ஸ் இருக்கிறவங்கதான் வரணும், வாளியில அள்ளி சாக்கடையில ஊத்தினா மாட்டப்போறது நீங்க மட்டும் இல்ல, கடைக்காரரும்தான். நம்ம கிளீனிங் லைசென்ஸையே 2024 ஜனவரியில இருந்து மூணு வகுப்பா ஆக்கிட்டாங்க, முதல் வகுப்புக்கு 250,000 வெள்ளி மூலதனம் காட்டணும், ரெண்டாவதுக்கு 25,000, புதுசா வர்ற சின்ன ஆளுங்க மூணாவது வகுப்புல ஆரம்பிக்கலாம், அதுக்கு அந்த மூலதனக் கட்டுப்பாடு கிடையாது.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். அடிமாட்டு விலை. நான் போய் அடுப்பை நகத்திப் பாத்து, டக்ட் நீளம் அளந்து, ஒரு விலை சொல்லிட்டு வருவேன், மறுநாள் முதலாளி போன் போட்டு "என்ன தம்பி, இன்னொருத்தரு பாதிக்கு பண்றேங்கறாரே"ம்பாரு. யாருன்னு பாத்தா நம்ம ஆளாத்தான் இருக்கும், கடையை வந்து பாத்திருக்கவே மாட்டாரு, போன்லயே விலை சொல்லியிருப்பாரு. கணக்கு போட்டுப் பாருங்க. அரசாங்கம் வச்சிருக்கிற படிப்படியா உயரும் சம்பள முறையில சாதாரண கிளீனருக்கு முழுநேரச் சம்பளம் 2025 ஜூலையில இருந்து குறைஞ்சது 1,910 வெள்ளி, 2026 ஜூலையில 2,080, 2028ல 2,420. ஒரு ஆளை வாரத்துக்கு 30 மணி நேரம் ஒரு கடைக்கு அனுப்பினா, 44 மணி நேரத்துக்கு 1,910ன்னு வச்சுப் பாத்தாலே சம்பளம் மட்டும் மாசம் 1,300 வெள்ளி வந்துரும், இதுக்கு மேல சிபிஎஃப் சேமநிதி, இன்சூரன்ஸ், கெமிக்கல், ராத்திரி ரெண்டு மணிக்கு எம்ஆர்டி ரயில் ஓடாதுல்ல, வேன். இந்த வேலையை 900 வெள்ளிக்கு எடுக்கிறேன்னு ஒருத்தரு சொன்னா, ஒண்ணு ஆளு வர மாட்டாரு, இல்ல சம்பளம் சரியா போகாது, இல்ல டக்டை யாரும் திறக்கப் போறதில்ல. லைசென்ஸே இந்தச் சம்பளத்தைக் குடுக்கிறதைப் பொறுத்துத்தான் இருக்கு. விலை குறைச்சுப் பிடிச்ச கடை விலை குறைச்ச அடுத்த ஆளுகிட்ட போயிரும், இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, படம். ரிப்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறோம், அதை எடுத்து ஃபேஸ்புக்ல "பாருங்க எப்படி இருந்துச்சு, நாங்க எப்படி ஆக்கிட்டோம்"னு போடறாங்க புதுசா வர்ற பிள்ளைங்க. கடை பேரு போடலன்னாலும் அந்த ஓடு, அந்த பேசின், சாப்பிட வர்றவங்களுக்குத் தெரியாதா, அங்க வேலை பாத்தவங்களுக்குத் தெரியாதா? ஒரு முதலாளி தன் அடுப்படியோட அழுக்கை நம்பி உங்களுக்குக் காட்டுறாரு. அதை நாலு பேருக்குக் காட்டின ஆளை அந்தத் தெருவுல யாரும் உள்ள விட மாட்டாங்க, லிட்டில் இந்தியா பெரிய ஊரு இல்லீங்க, காலையில நடந்தது டீக்கு முன்னாடி எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.

காசு வசூல் பண்றதைப் பத்தி நெறைய எழுதலாம், எழுதினா ரத்தக் கொதிப்பு ஏறும். வேலைக்கு முன்னாடி பாதி வாங்கிக்குங்க, கையெழுத்து போட்ட தாள் இல்லாம ஏணியில ஏறாதீங்க, இழுத்தடிச்சா 20,000 வெள்ளி வரைக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீல் தேவையில்ல. தெரிஞ்சவரு, ஒரே ஊருக்காரருன்னு தாள் இல்லாம பண்ற வேலைதான் கடைசியில காசும் வராது, உறவும் நிக்காது.

கடை முதலாளிங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். 2023 செப்டம்பர்ல இருந்து இந்திய உணவகங்கள் இந்தியாவுல இருந்து ஒர்க் பெர்மிட்ல சமையல்காரர் எடுக்கலாம்னு மனிதவள அமைச்சு வழி விட்டுச்சு, நீங்களும் அதுக்காக எத்தனை வருஷமா கேட்டீங்க, இப்ப அவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்த அந்த ஆளை நாள் முழுக்க கல்லுல நிக்க வச்சிட்டு ராத்திரி பன்னண்டு மணிக்கு ஏணி மேல ஏத்தி டக்ட் சுரண்டச் சொல்றீங்க. பெர்மிட்ல எழுதியிருக்கிற வேலை சமையல். கீழ விழுந்தா என்ன சொல்லுவீங்க? காசு மிச்சம்னு நினைக்கிறீங்க, ஆனா அவரு சுரண்டறது கை எட்டுற வரைக்கும்தான், மேல இருக்கிறது அப்படியே இருக்கும், தீ பத்தறது மேலதான்.

யாரைக் கூப்பிட்டாலும் பரவாயில்ல, என்னைத்தான் கூப்பிடணும்னு இல்ல. கோட்டேஷன் வாங்கும்போது ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க, ஹூடுல இருந்து மொட்டை மாடி ஃபேன் வரைக்கும் முழுசா பண்றாங்களா, இல்ல ஃபில்டரும் அதுக்கு மேல ரெண்டடியும்தானா, உள்ள பாக்குறதுக்கு டக்ட்ல கதவு இருக்கா, இல்லன்னா யாரு வெட்டி வைக்கிறது, அதுக்கு தனிக் காசா. மூணு பேருகிட்ட இதே கேள்வியைக் கேட்டுட்டு அப்புறம் விலையைப் பாருங்க. ஆசிரியர் அவர்களே, உங்க வியாபாரப் பக்கத்துல எடம் இருந்தா இந்தக் கேள்விகளை மட்டுமாவது தனியா கட்டம் கட்டிப் போடுங்க, கடைக்காரங்க வெட்டி கேஷ் கவுண்டர்ல ஒட்டி வச்சுக்கட்டும்.

இப்படிக்கு,
கிளீனிங் கம்பெனிக்காரன் ஒருத்தன்,
ஈசூன்.